எடை குறைந்த 29 இன்ச் மவுண்டன் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே, ஃப்ரீமாண்ட் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் சிலர் சனிக்கிழமை விடியற்காலையில் சேர்ந்து மலைக்குக் கிளம்புவோம். முதலில் மூன்று பேர்தான் இருந்தோம். இப்போது வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு ஒருவராவது புதிதாகச் சேர்கிறார். சேர்ந்த அன்றே கேட்பது: "இறக்கத்தில் தைரியமாக விடணும், ஏற்றத்தில் நாக்குத் தள்ளக் கூடாது. எந்த சைக்கிள் வாங்கலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டித் தட்டி விரல் தேய்ந்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் கடை வைத்திருக்கவில்லை, பந்தயத்திலும் ஓடுவதில்லை. என் எடை 71 கிலோ, உயரம் ஐந்தடி ஏழு. இங்கே சொல்வதெல்லாம் அந்த உடம்பு பட்ட அனுபவம். நீங்கள் 95 கிலோ என்றால் சில பதில்கள் மாறும், அங்கங்கே சொல்கிறேன். இன்னொன்று: 'பைக்' என்று எழுதினால் ஊரில் எங்கள் அம்மா மோட்டார் சைக்கிள் என்று நினைத்துக்கொள்வார். ஆகவே கடைசி வரை சைக்கிள்தான்.

எந்த மாதிரி சைக்கிளைப் பற்றிப் பேசுகிறோம்?

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், 29 இன்ச் சக்கரம், பின்பக்கம் 115 முதல் 130 மி.மீ., முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் 120 முதல் 140 மி.மீ. வரை அமுங்கும். இப்படி அமுங்கும் தூரத்துக்குப் பெயர் டிராவல். பெடலோடு சேர்த்து 12 முதல் 13.5 கிலோ. இதைவிட மெலிந்தது கிராஸ் கன்ட்ரி பந்தய சைக்கிள். இதைவிடத் தடித்தது 160, 170 மி.மீ. அமுங்குகிற எண்டியூரோ சைக்கிள். நடுவில் இருக்கிற இதற்கு 'டவுன்கன்ட்ரி', 'ஷார்ட் டிராவல் ட்ரெயில்' என்று வருடத்துக்கொரு பெயர் வைக்கிறார்கள். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இது எதற்கான சைக்கிள் என்று புரிய டௌனிவில் பந்தயத்தைப் பார்த்தால் போதும். வடக்குக் கலிஃபோர்னியாவில், சியரா மலைகளுக்குள் ஒளிந்திருக்கிற பழைய தங்கச் சுரங்க ஊர் அது. அங்கே நடக்கும் போட்டியில் ஒரு பகுதி கிராஸ் கன்ட்ரி: சியரா சிட்டியில் தொடங்கி மலை ஏறி, மறுபக்கம் டௌனிவில்லில் இறங்க வேண்டும். இன்னொரு பகுதி டவுன்ஹில்: 15 மைலில் சுமார் 5,000 அடி இறக்கம், வழியில் பாறையும் சரளையும். இரண்டையும் சேர்த்து 'ஆல் மவுண்டன்' பட்டத்துக்குப் போட்டியிடுகிறவர் இரண்டுக்கும் ஒரே சைக்கிளைத்தான் ஓட்ட வேண்டும். நடுவில் சக்கரத்தை மாற்றி ஏமாற்றக் கூடாது என்று எடை வேறு போட்டுப் பார்ப்பார்கள். ஏற்றத்துக்கென்று இளைத்தால் இறக்கத்தில் அடி, இறக்கத்துக்கென்று கனத்தால் ஏற்றத்தில் அடி. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்வியும் இந்த இழுபறியைப் பற்றியதுதான்.

29 இன்ச் என்பது எதன் அளவு?

டயரோடு சேர்த்த சக்கரத்தின் தோராயமான விட்டம். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மி.மீ. ரோடு சைக்கிளின் 700சி ரிம்மும் இதே 622தான். 27.5 இன்ச்சுக்கு 584, பழைய 26 இன்ச்சுக்கு 559.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நாம் குரங்குப் பெடல் அடித்துப் பழகிய தாத்தா சைக்கிள் இருக்கிறதே, கேரியரில் நெல் மூட்டை ஏற்றுவார்களே, அதன் சக்கரம் 28 இன்ச். ஆனால் அந்த ரிம்மின் விட்டம் 635 மி.மீ., 29 இன்ச் ரிம்மைவிடப் பெரிது! டயர் மெலிசு என்பதால் மொத்த உயரத்தில்தான் குறைகிறது. 2.4 இன்ச் டயர் போட்ட 29 இன்ச் சக்கரம் தரையிலிருந்து ஏறக்குறைய 74 செ.மீ. நிற்கும். தாத்தா சைக்கிள் 71 செ.மீ. சுற்றுவட்டாரம். பெரிய சக்கரம் குண்டும் குழியுமான சாலைக்கு நல்லது என்று ஊர்க்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

பெரிய சக்கரத்தால் நிஜமாகவே லாபம் உண்டா, அல்லது விற்பதற்குச் சொல்கிற கதையா?

உண்டு. ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை. 10 செ.மீ. உயரக் கல் ஒன்று குறுக்கே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 இன்ச் சக்கரம் அதைச் சுமார் 45 டிகிரி கோணத்தில் முட்டும். 29 இன்ச் சுமார் 43 டிகிரியில் முட்டும். வெறும் இரண்டு டிகிரிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். ஆனால் ஒரு இறக்கத்தில் இந்த மாதிரி ஆயிரம் கல், ஆயிரம் வேர். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேகம் மிச்சமாகிறது, கை கொஞ்சம் குறைவாக அதிர்கிறது. அடிவாரத்துக்கு வந்து பிரேக்கிலிருந்து விரலை எடுக்கும்போதுதான் அது தெரியும். குழிக்குள் விழும் ஆழமும் குறைவு.

நஷ்டமும் இருக்கிறது. அதே ரிம், அதே டயரை 27.5இல் வாங்கினால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 200 கிராம் சுமாருக்குக் குறையும். நின்ற இடத்திலிருந்து கிளப்ப 29 கொஞ்சம் சோம்பேறி. நெருக்கமான வளைவில் சாய்க்கக் கூடுதலாகத் தள்ள வேண்டும்.

29 வந்த கதையும் இந்தப் பக்கத்து ஊர்களோடு பின்னியது. சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில் டாமல்பைஸ் மலையைச் சுற்றி 1970களில் பழைய கனத்த சைக்கிள்களில் மலையிலிருந்து இறங்கி விளையாடிய கூட்டத்தில் ஒருவர் கேரி ஃபிஷர். 1976 அக்டோபரில் தொடங்கிய 'ரீபேக்' பந்தயம் அவர்களுடையது. ஒரு தடவை இறங்கினாலே பின்சக்கர ஹப்புக்குள் இருக்கிற பிரேக் சூடேறிக் கிரீஸ் புகைந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சுற்று. அதனால் அந்தப் பெயர். அதே ஃபிஷர்தான் 2000களின் தொடக்கத்தில் ஊரே சிரித்தபோதும் 29 இன்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர். சிரித்ததிலும் நியாயம் இருந்தது: அன்றைய 29கள் நிமிர்ந்த கோணமும் நீண்ட வாலுமாக, திருப்பினால் பேருந்து மாதிரி இருந்தன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் யாரோஸ்லாவ் குல்ஹாவி 29இல் தங்கம் வாங்கினார். 27.5இல் வந்த நினோ ஷர்ட்டர் ஒரு விநாடி பின்னால். ஆனாலும் 'அது ஏறுவதற்கு, இறங்குவதற்கு ஆகாது' என்ற பேச்சு ஓயவில்லை. 2017இல் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமில் க்ரெக் மின்னார் 29 இன்ச் டவுன்ஹில் சைக்கிளில் உலகக் கோப்பைச் சுற்றை வென்றதும் அந்தப் பேச்சும் அடங்கியது.

நான் ஐந்தடி நாலு. எனக்கு 29 ஒத்துவருமா?

குழுவில் பாதிப் பேர் கேட்கிற கேள்வி. ஓட்டலாம். ஆனால் இரண்டு இடத்தைப் பார்த்து வாங்குங்கள்.

முதலாவது, செங்குத்தான இறக்கத்தில் இடுப்பைப் பின்னால் தள்ளும்போது பின்டயர் உட்காருமிடத்தைத் தொடும். தொடும் என்று மரியாதையாகச் சொல்கிறேன், 25 மைல் வேகத்தில் அது ரம்பம். என் நண்பர் ஒருவருடைய அரைக்கால் சட்டையில் இன்னும் கறுப்புக் கோடு இருக்கிறது. பின்னால் 27.5 போட்டால் டயரின் மேல்விளிம்பு, சக்கரத்தின் அச்சிலிருந்து அளந்தால், ஏறக்குறைய 19 மி.மீ. தாழும். முன்னால் 29, பின்னால் 27.5 என்ற இந்தக் கலவையை 'மல்லட்' என்பார்கள். அதற்கென்றே வடிவமைத்த ஃபிரேம் என்றால் சரி. 29க்கான ஃபிரேமில் சும்மா பின்சக்கரத்தை மட்டும் மாற்றினால் பெடல் தாழ்ந்து கல்லில் இடிக்கும், கோணமும் மாறிவிடும்.

இரண்டாவது, ஃபிரேமில் சீட்டைத் தாங்குகிற சீட் குழாயின் நீளம். டிராப்பர் போஸ்ட், அதாவது பட்டனை அமுக்கினால் சீட்டை இறக்கித் தருகிற குழாய், முழுதாக உள்ளே இறங்க இடம் வேண்டும். உங்கள் உயரத்துக்கு சீட் குழாய் 400 மி.மீ.க்கு மேல் போகாமல் பாருங்கள், 150 மி.மீ. டிராப்பர் உட்காரும். சீட் முழுசாக இறங்கிவிட்டால் டயர் இடிக்கிற தொல்லையிலும் பாதி போய்விடும், ஏனென்றால் பின்னால் தள்ளாமல் கீழேயே பதுங்கலாம்.

விளம்பரத்தில் 11.5 கிலோ என்று போட்டிருக்கிறதே, நிஜமா?

பெடல் இல்லாமல், சிறிய சைஸில், மிக விலையுயர்ந்த பாகங்களோடு, மெல்லிய டயரோடு எடுத்த எடையாக இருக்கும். பொய் இல்லை. கல்யாணப் போட்டோ மாதிரி.

நிஜ எடை பார்க்க எல்லோர் வீட்டிலும் கருவி இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பெட்டி 23 கிலோ தாண்டாமல் பார்க்கிற கைத்தராசு. அதன் கொக்கியை சீட்டின் மூக்கில் மாட்டி, இரண்டு கையாலும் தூக்கிப் பாருங்கள். என்னுடையது கடைத் தாளில் 12.1. பெடல் 380 கிராம், பாட்டில் கூடு, டயருக்குள் ஊற்றிய சீலண்ட் (ஓட்டையை அடைக்கிற திரவம்), ஃபிரேமில் கட்டிய ட்யூப், கருவிகள் எல்லாம் சேர்ந்து தராசில் 13.3 காட்டியது. இரண்டு சைக்கிளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே தராசில் தூக்குங்கள், தாளை நம்ப வேண்டாம்.

ஒரு கிலோ குறைந்தால் அப்படி என்ன ஆகிவிடப் போகிறது?

கணக்குப் போடுவோம். நான் 71, சைக்கிள் 13, தண்ணீர், ஹெல்மெட், காலணி எல்லாம் 4. மொத்தம் 88 கிலோ. அதில் ஒரு கிலோ என்பது 1.1 சதவீதம் சொச்சம். ஒரு மணி நேர ஏற்றத்தில் அது மிச்சம் பிடித்துத் தருவது சுமார் 40 விநாடி. பந்தயக்காரருக்கு அது பெரிய விஷயம். நமக்கு மேலே போய்ச் சேர்ந்து கடலை மிட்டாய் பிரிக்கிற நேரம்.

சக்கரத்தில் குறைத்தால் மும்மடங்கு லாபம், நான்மடங்கு லாபம் என்பார்கள். வேகமெடுக்கும்போது ரிம்மிலும் டயரிலும் உள்ள எடைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கணக்கு, அவ்வளவுதான். சீராக ஏறும்போது அதுவும் மற்ற எடை மாதிரிதான். ஆனால் சைக்கிளை இடம் வலமாகத் துரிதமாகச் சாய்க்கும்போது, ஒரு மரக்கட்டையின் மேல் முன்சக்கரத்தைத் தூக்கிப் போடும்போது, இலேசான சக்கரம் கைக்குத் தெரியும். எடை குறைந்த சைக்கிளின் நிஜ சுகம் ஏற்றத்தைவிட அங்கேதான் இருக்கிறது.

அப்படியென்றால் எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கவே கூடாது?

இதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும். ஃபிரேமில் குறையுங்கள், பின்பக்க டிராவலில் குறையுங்கள், ஹேண்டில்பார், கிராங்க் (பெடல் மாட்டுகிற கை), கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கரங்கள்) இவற்றில் காசு இருந்தால் குறையுங்கள். டயர், பிரேக், டிராப்பர் மூன்றிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஃபோர்க் விஷயத்தில் உங்கள் எடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

டயர் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன். முதல் சைக்கிள் வாங்கியதும் எடைப் பைத்தியம் பிடித்து, ஒன்று 700 கிராம் இருக்கிற பந்தய டயர் இரண்டை மாட்டினேன். வீட்டுப் பக்கம் மண் பாதையில் பறந்தது. டௌனிவில்லில் புட்சர் ரான்ச் பாதையில் இறங்கும்போது, கூர்மையான ஒரு பாறை விளிம்பில் பின்டயர் உரசியது. டப் என்று சத்தம்கூட இல்லை, நீளமாக ஒரு பெருமூச்சு. பார்த்தால் பக்கச் சுவர் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழிந்து, வெள்ளை சீலண்ட் கல்லெல்லாம் தெளித்திருக்கிறது. கிழிசலுக்கு உள்ளே ஒரு மிட்டாய்த் தாளை மடித்து வைத்து, ட்யூப் போட்டு, அரை மைல் போனேன். மறுபடி போயிற்று. மீதி தூரம் உருட்டிக்கொண்டே நடை. மலை மேலே ஏற்றிக்கொண்டு போகிற ஷட்டில் வேன் போய்விட்டது. மிச்சம் பிடித்த 500 கிராமை அன்று தோளில் சுமந்தேன், கூடவே சைக்கிளையும்.

இப்போது என் முன்டயர் மேக்ஸிஸ் மினியன் டிஹெச்எஃப் ரகம், 29க்கு 2.5. ஒன்றே சுமார் ஒரு கிலோ. பின்னால் அதைவிட வேகமாக உருளும், குட்டையான ரப்பர்ப் பற்கள் உள்ள 2.4 டயர், ஆனால் பக்கச் சுவர் கனமானதாக. முன்டயர் வழுக்கினால் விழுவீர்கள், பின்டயர் வழுக்கினால் பெரும்பாலும் சிரிப்பீர்கள். பிடிப்பு முன்னால், பலம் பின்னால் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். 85 கிலோவுக்கு மேல் இருக்கிறவர்கள் பின்டயருக்குள் நுரை வளையம் ஒன்று போடலாம். ரகத்தைப் பொறுத்து 100 முதல் 250 கிராம் கூடும், ரிம் பிழைக்கும்.

பிரேக்: நான்கு பிஸ்டன், முன்னால் 200 அல்லது 203 மி.மீ. டிஸ்க், பின்னால் 180. இரண்டு பிஸ்டனும் 160 டிஸ்க்கும் போட்ட சைக்கிளோடு ஒப்பிட்டால் சக்கரத்துக்கு 100 கிராம் சுமார்தான் வித்தியாசம். நீண்ட இறக்கத்தில் சின்ன டிஸ்க் சூடாகி லீவர் கொழகொழத்துப் போகும். இலேசான சைக்கிள் என்று வாங்குகிற பலவற்றில் தயாரிப்பாளர்கள் இந்த இடத்தில்தான் எடையைக் கடித்திருப்பார்கள். நல்ல வேளை, மாற்றுவது சுலபம்.

டிராப்பர் 500, 600 கிராம் இருக்கும். இறங்காத சாதாரண சீட் போஸ்ட் 250க்குள். "அந்த முன்னூறு கிராமைக் குறைத்தால் என்ன" என்று ஒருவர் போன மாதம் கேட்டார். சீட் நெஞ்சில் இடிக்காமல் இறங்குவதற்கு முன்னூறு கிராம் கொடுக்க மாட்டீர்களா என்றேன்.

ஃபோர்க்: 120 மி.மீ. ராக்ஷாக்ஸ் சிட் சுமார் ஒன்றரை கிலோ. அதே ராக்ஷாக்ஸின் பைக் (Pike, ஃபோர்க்கின் பெயர்) அல்லது ஃபாக்ஸ் 34 இரண்டும் 1.7, 1.8 பக்கம். ஃபாக்ஸ் 36 இரண்டு கிலோவை ஒட்டி. 2020இல் வந்த சிட்டில் குழாய் 35 மி.மீ. தடிமனுக்கு வந்த பிறகு 65, 70 கிலோ ஆட்களுக்கு அதுவே போதும். 80ஐத் தாண்டியவர்கள் 130 அல்லது 140 மி.மீ. Pike, ஃபாக்ஸ் 34 பக்கம் போங்கள். வளைவில் ஃபோர்க் வளைந்து சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் மிச்சம் பிடித்த 300 கிராமால் என்ன பயன்?

கோண அட்டவணையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எதை மட்டும் பார்த்தால் போதும்?

இலேசான சைக்கிளை முரட்டுப் பாதையில் விரட்ட முடிகிறது என்றால் அதற்கு முக்கியக் காரணம் இந்த அட்டவணைதான். கோணத்துக்கு எடை கிடையாது. ஒரு டிகிரி சாய்த்தால் ஒரு கிராம்கூட ஏறாது.

தலைக்கோணம், அதாவது முன்ஃபோர்க் தரையோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது: 65இலிருந்து 66.5 டிகிரி. ஆரம்பகால 29கள் 71இல் நின்றன, அதனால்தான் செங்குத்தில் தலைக்குப்புற விழுகிற பயம். 65க்குக் கீழே போனால் சமதளத்திலும் ஏற்றத்திலும் முன்சக்கரம் ஊசலாடும்.

ரீச், நின்று ஓட்டும்போது கைக்கும் பெடலுக்கும் இடையிலான இடம்: ஐந்தடி ஏழு ஆளுக்கு 445 முதல் 460 மி.மீ. ஐந்தடி பத்துக்கு 470, 480. இதோடு ஸ்டெம், அதாவது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிற துண்டு, 35 முதல் 50 மி.மீ. நீளத்துக்குள்.

சீட் குழாய்க் கோணம் 76 டிகிரிக்குக் குறையாமல். உட்கார்ந்து ஏறும்போது இடுப்பு பெடலுக்கு நேர் மேலே வரும், முன்சக்கரம் ஆகாயத்தைப் பார்க்காது.

செயின் ஸ்டே, பெடல் சுழலும் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரையிலான நீளம்: 430 முதல் 440 மி.மீ. மற்ற எண்களை விட்டுவிடலாம்.

120 மி.மீ. டிராவல் போதுமா? என் ஆபீஸ் நண்பர் 150 இல்லாமல் மலைப் பக்கமே போகாதே என்கிறார்.

நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள்? இந்தப் பக்கத்து சோக்கெல் டெமோ காடு, ஸ்கெக்ஸ், சான் ஹோசேயின் சாண்டா தெரேசா என்றால் 120, 130 தாராளம். சாண்டா தெரேசாவின் ராக்கி ரிட்ஜ் பாதை பெயருக்கேற்ற பாறைதான், ஆனாலும் அங்கே தடம் பார்த்து ஓட்டினால் 120 திணறாது. வாரா வாரம் மலை உச்சிக்குக் கொண்டுவிடுகிற லிஃப்ட்டில் ஏறி, சைக்கிளில் இறங்குகிறவர், பெரிய குதிப்புகளில் தட்டையாக விழுகிறவர் என்றால் நண்பர் சொல்வது சரி.

ஒரு எச்சரிக்கை. குறைந்த டிராவலும் சாய்ந்த கோணமும் சேர்ந்தால் சைக்கிள் பொய்த் தைரியம் கொடுக்கும். 160 மி.மீ. சைக்கிள் மாதிரியே வேகமெடுக்கும், ஆனால் பிழை செய்தால் அது மாதிரி மன்னிக்காது. முழங்காலும் முழங்கையும்தான் மீதி 40 மி.மீ.

கார்பனா, அலுமினியமா?

ஒரே மாடலில் இரண்டுக்கும் பெரும்பாலும் முக்கால் கிலோ வித்தியாசம். விலை வித்தியாசம் பல நேரம் ஆயிரம் டாலரைத் தாண்டும். என் கருத்து: நல்ல பாகங்கள் போட்ட அலுமினியமும் மட்டமான பாகங்கள் போட்ட கார்பனும் ஒரே விலைக்கு வந்தால் அலுமினியத்தை எடுங்கள். ஃபிரேம் மாறாது, பாகம்தான் மாற்றிக்கொள்ளலாமே என்று வாதம் வரும். உண்மைதான். ஆனால் மாற்றுவதற்குள் இரண்டு வருடம் மோசமான பிரேக்கோடு இறங்குவது நீங்கள்.

பெயர் சொல்லுங்கள். எந்த மாடல்?

மாடல்கள் வருடா வருடம் மாறும், ஆகவே வழிகாட்டிக் கல்லாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ரகத்துக்குப் பாதை போட்டவை 2014 வாக்கில் வந்த கோனா ப்ராசஸ் 111, ஈவில் ஃபாலோயிங். ஒன்றுக்குப் பின்னால் 111 மி.மீ., இன்னொன்றுக்கு 120. இரண்டும் எடையில் பெரிதாக இளைத்தவை அல்ல, ஆனால் குட்டை டிராவலில் குறும்பு செய்யலாம் என்று காட்டியவை.

இலேசுப் பக்கம் சாய்ந்தது ட்ரான்சிஷன் ஸ்பர்: 2020இல் வந்தது, முன்னும் பின்னும் 120, தலைக்கோணம் 66. ஏறுவதை விரும்புகிற, 75 கிலோவுக்குள் இருக்கிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். 2019 ஐபிஸ் ரிப்லி பின்னால் 120, முன்னால் 130, தலைக்கோணம் 66.5. நல்ல ஏற்றக்காரன். சாண்டா க்ரூஸ் டால்பாயும் 120, 130தான், ஆனால் தலைக்கோணம் 65.5 சுற்றி, உடம்பும் கொஞ்சம் கனம். பாறையில் பயமில்லாதது. 2020 நார்கோ ஆப்டிக் 125, 140, தலைக்கோணம் 65. நான்கில் மிக முரடு அதுதான், எடையும் அதற்கேற்ப. உங்களுக்கு இறக்கம்தான் முக்கியம் என்றால் பட்டியலைக் கடைசியிலிருந்து படியுங்கள்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. இந்த ரகத்தில் கோணங்கள் 2019, 2020க்குப் பிறகு பெரிதாக மாறவில்லை. ஆகவே நாலைந்து வருடப் பழசு ஒன்றும் கிழடு இல்லை.

பார்க்க வேண்டியவை: ஃபோர்க்கின் மினுமினுப்பான குழாயில் நகத்தை ஓட்டுங்கள், நகம் மாட்டினால் கீறல், விலை பேச வேண்டிய இடம். சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கித் தூக்கி வையுங்கள், பின்பக்கம் டொக் டொக் என்றால் பேரிங்கோ ஷாக் புஷ்ஷோ போயிருக்கிறது. கார்பன் ஃபிரேம் என்றால் கீழ்க் குழாயின் அடிவயிற்றைத் திருப்பிப் பாருங்கள், கல்லடி அங்கேதான் விழும். சந்தேகமான இடத்தில் காசால் தட்டினால் நல்ல இடம் கணீர் என்கும், உள்ளே பிளந்த இடம் மொத்தென்று கேட்கும். பின் ஹப் 148 மி.மீ. 'பூஸ்ட்' அளவுதானா என்று கேளுங்கள். வேறு அளவென்றால் பின்னாளில் சக்கரம் கிடைக்காமல் அல்லாடுவீர்கள். அப்புறம், சீரியல் நம்பர் சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு கொள்ளை மலிவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

பின் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில்? பேட்டரி சைக்கிள்?

ஹார்ட்டெயில் நல்ல ஆசிரியன், மோசமான முதுகு வைத்தியன். நாற்பது தாண்டியவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பேட்டரி சைக்கிள் வேறு கணக்கு. எடை பெரும்பாலும் 18 கிலோவுக்கு மேல், பல ஒற்றையடிப் பாதைகளில் அனுமதியும் இல்லை. இந்தக் கேள்வி பதில் அதற்கானது இல்லை.

வாங்கிவிட்டேன். முதல் நாள் என்ன செய்யணும்?

காற்று. முதலில் ஷாக்கில். 120 மி.மீ. சைக்கிள்கள் பலவற்றில் பின் ஷாக்கின் ஓட்டம் 45 மி.மீ. அதில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். வளையத்தை மேலே தள்ளிவிட்டு, ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு, சுவரில் ஒரு கையை ஊன்றி, குதிக்காமல் ஏறி உட்கார்ந்து, குதிக்காமல் இறங்குங்கள். வளையம் 12, 13 மி.மீ. நகர்ந்திருந்தால் சரி. குறைவாக நகர்ந்தால் காற்றைக் குறையுங்கள், அதிகம் நகர்ந்தால் ஏற்றுங்கள். முன்ஃபோர்க்குக்கு டிராவலில் ஐந்தில் ஒரு பங்கு.

அப்புறம் டயர். கடையிலிருந்து வரும்போது பாறாங்கல் மாதிரி 35 பிஎஸ்ஐ அடைத்துத் தருவார்கள். ட்யூப்லெஸ் என்றால் 70 கிலோ ஆளுக்கு முன்னால் 21, பின்னால் 24இல் தொடங்கலாம். ஒவ்வொரு ஐந்து கிலோவுக்கும் ஒரு பிஎஸ்ஐ ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். ரிம் கல்லில் கணங் என்று இடிக்கிற சத்தம் கேட்டால் இரண்டு ஏற்றுங்கள்.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க எது நல்ல இடம்?

கடை வாசலில் கார் நிறுத்துமிடத்தில் சுற்றி வருவது சோதனையே இல்லை. அங்கே எல்லா சைக்கிளும் நன்றாகத்தான் ஓடும். ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். வாங்கினால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்கிற கடைகள் உண்டு, கேட்டுப் பாருங்கள். டெமோ காட்டில் மண் சாலையில் ஏறி, ஃப்ளோ ட்ரெயிலில் ஒரு தடவை, பிரெயில் பாதையில் ஒரு தடவை இறங்குங்கள். ஃப்ளோவில் சைக்கிள் வளைவுக்கு வளைவு தானாகச் சாய்கிறதா என்று பாருங்கள். பிரெயிலில் வேர்களும் மரச் சறுக்கல்களும் இருக்கின்றன, அங்கே கை எவ்வளவு அதிர்கிறது என்று கவனியுங்கள். இரண்டாவது ஏற்றத்தின் கடைசிக் கால் மைலில் சீட்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். முதல் ஏற்றத்தில் எல்லோரும் வீரர்கள். போகும்போது உங்கள் பெடலையும் ஷாக் பம்பையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். வாடகை சைக்கிளில் முன்னால் ஓட்டியவருடைய எடைக்கு அடைத்த காற்றுதான் இருக்கும்.